புள்ளி வைத்த பூஜ்யம்

நாலு மணிக்கு வாசலில் செருப்புகள் விழ ஆரம்பித்துவிடும். அதற்குள் டீச்சர் தன் கணவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றியாக வேண்டும். ஆறு வருடமாகச் செய்கிற வேலை என்பதால் மூச்சு வாங்காமல் செய்வாள். அவருடைய நல்ல கால் பக்கம் நாற்காலியைப் போட்டு, வலுவில்லாத முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே திருப்பில் உட்கார வைத்துவிடுவாள். உணர்வில்லாத வலது கைக்குக் கீழே ஒரு தலையணை. இடது கைக்கு எட்டுகிற மாதிரி சிறுநீர்ப் பாட்டில், அதன் மேல் ஒரு துண்டு. பக்கத்து முக்காலியில் எவர்சில்வர் டம்ளரும் ஒரு ஸ்பூனும்.

அந்த ஸ்பூன்தான் டியூஷனின் மணி. அரை மணிக்கு ஒரு தடவை அவர் டம்ளரில் தட்டுவார். முன் அறையில் கணக்கு முடிந்து மொழிப்பாடம் தொடங்கும்.

அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் வாங்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று டிப்போவில் பெயர். பக்கவாதம் வந்து பாதி உடம்பைக் கொண்டு போனது. வாயையும் ஒரு பக்கம் கோணலாக்கிற்று, ஆனால் வாய்க்கொழுப்பை ஒன்றும் செய்ய முடியவில்லை. நடுக்கதவுத் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டப்பெயர் வைப்பது அவருடைய சாயங்கால வேலை. ஒருவன் ‘தூங்குமூஞ்சி மேனேஜர்’. ஒருத்தி ‘ரப்பர் திருடி’. பிள்ளைகளுக்கு இதில் பெருமைதான். பெயர் கிடைக்காதவர்கள் வந்து கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

முன் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு சுவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பலகையாக்கி இருபது வருடம் ஆகிறது. கதவுக்குப் பின்னால் துணி துவைக்கும் மெஷின், அதன் மேல் வருகைப் பதிவு நோட்டு, சாக்பீஸ் டப்பா, யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்கள். மூன்றாவது முதல் ஆறாவது வரை மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். அதில் பதினொன்று பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு.

இந்த வீட்டில் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசி முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. வேறு துணையும் இல்லை. டியூஷன் நடக்கிற வரை டீச்சர் அவருக்குத் திரை தூரத்தில் இருக்கலாம். நின்றுபோனால் அவள் வெளியே வேலைக்குப் போக வேண்டும். போனால் அவரைப் பார்க்க ஆள் கிடையாது. ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்கு வேறு கவலை என்று ஒன்று இல்லை. இந்த ஒன்றே தாராளமாக இருந்தது.

வட்டாரத்தில் அவளைப் ‘புள்ளி டீச்சர்’ என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஐயாயிரத்து மூன்றிலிருந்து ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழைக் கழிக்கச் சொன்னால் பிள்ளைகள் திணறும். மூன்றில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் கேட்டால் அங்கே பூஜ்யம், அதற்கும் பக்கத்தில் பூஜ்யம். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு எண்ணையும் அடித்து, மேலே புது எண்ணைப் பொடியாக எழுதச் சொல்வார்கள். மூன்று அடித்தலுக்குப் பிறகு எது பழையது, எது புதியது என்று எழுதினவனுக்கே தெரியாது. டீச்சர் எதையும் அடிக்க விடமாட்டாள். கடன் கொடுத்த எண்ணின் தலையில் ஒரு புள்ளி. புள்ளி வைத்தால் ஒன்று குறைவு. “புள்ளி வெச்ச பூஜ்யம் ஒன்பது,” என்று பிள்ளைகள் ஒரே ராகத்தில் சொல்லும்போது உள்ளே இருந்து அவரும் ஸ்பூனால் தாளம் போடுவார். விடை மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறு. பத்து பிள்ளைகள் போட்டால் பத்துக்கும் அதுவே வரும்.

அந்த வருடம் பள்ளி திறந்து இரண்டாவது மாதம், கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி தன் மகளின் பரீட்சைத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி வெட்டுகிற கைகள். இரண்டு விரலில் பிளாஸ்திரி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. தாளைத் துணி மெஷின் மேல் விரித்து வைத்தாள். பத்துக் கணக்கு. பத்தும் சரி. இருபதுக்குப் பத்து மார்க். ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ‘முறை தவறு’.

“விடை சரின்னா எல்லாம் சரிதானே டீச்சர்? பின்ன எதுக்குப் பாதியை வெட்டினாங்க?”

பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் புது மிஸ், புத்தகத்தைத் தவிர வேறு தெரியாத பிள்ளை போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்தாள். அன்றைக்கே அந்தச் சிறுமியின் நோட்டில், மரியாதையாகவே, புள்ளி முறையை உதாரணத்தோடு எழுதி அனுப்பினாள். பிள்ளைகள் குழம்பாமலிருக்க இது உதவும் என்றும் எழுதினாள். மறுநாள் அதன் கீழே சிவப்பில் ஒரே வரி வந்தது: ‘இந்த முறை எனக்குத் தெரியும்.’

“படிச்ச திமிரு,” என்றாள் டீச்சர்.

அவர் நோட்டை இடது கையில் வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“தெரியும்னு எழுதிருக்காளே, எங்க இருந்து தெரியும்? அதைக் கேளு முதல்ல.”

“எங்க இருந்தோ. எனக்கு இருபது நோட்டு திருத்தணும்.”

அப்போதே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு அவள் யோசித்ததுண்டு. பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றுதான் தோன்றியது. ஆனால் ஒரு மாதம் முட்டாளாக இருந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த பரீட்சையிலும் அதே கதைதான். மிஸ் வகுப்பில் நோட்டைப் புரட்டிக்கொண்டே, “புள்ளி வெக்கிறவங்க எல்லாம் கை தூக்குங்க,” என்கிறாளாம். பதினொரு கை எழும்பும். மிஸ் ஒன்றும் திட்டுவதில்லையாம், எண்ணிவிட்டு இறக்கச் சொல்லிவிடுவாளாம். சாயங்காலம் மிஸ்ஸே மருந்துக்கடை மாடியில் வகுப்பு எடுக்கிறாள் என்ற செய்தியும் பிள்ளைகள் வழியாகத்தான் வந்தது. பெரிய ஹால், ஃபேன் ஆறு, ஆளுக்கு ஒரு பெஞ்ச். அங்கே சேர்ந்தவர்களின் மார்க் ஒரே மாதத்தில் பத்திலிருந்து பதினெட்டாகிவிட்டது.

போனவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் போனார்கள். ஒரு அம்மா, பெண் பாட்டு கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறது, நேரம் ஒத்துவரவில்லை என்றாள். தூங்குமூஞ்சி மேனேஜரின் அப்பா தெருவில் அவளைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டார். போன் தலைகீழாக இருந்தது. ஒரு வீட்டில் சொல்லவே இல்லை, தண்ணீர் பாட்டிலை மட்டும் தங்கையை விட்டு எடுத்துவரச் சொன்னார்கள். பதினொன்று ஐந்தாயிற்று. தங்கள் தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு போனதால் பத்தொன்பது எட்டாயிற்று. ஸ்பூன் சத்தம் இப்போது அறையில் கூடுதலாக எதிரொலித்தது.

டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தாள். அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே கூசும். பென்சிலை லேசாகப் பிடித்துப் புள்ளி வைக்க வேண்டும், விடை வந்ததும் புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு, பள்ளிக்கூட வழக்கப்படி எண்களை அடித்து மேலே பொடியாக எழுதிவிட வேண்டும். கள்ளக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போலத்தான் இருந்தது. இரண்டு வாரம் பிள்ளைகளுக்கு வைப்பதும் அழிப்பதுமாகப் போனது. கையெல்லாம் ரப்பர்த் தூள். பரீட்சையில் நேரம் போதவில்லை.

தாள்கள் வந்தபோது இம்முறையும் பாதி மார்க்தான். கண்ணாடிக்கடைச் சிறுமிதான் விவரம் சொன்னாள்.

“மிஸ் பேப்பரை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கறாங்க டீச்சர். புள்ளி வெச்ச இடம் குழியா தெரியுதாம்.”

திரைக்குப் பின்னால் அவர் சிரித்துவிட்டார். “சரியான செக்கர். எங்க டிப்போல இருந்திருக்க வேண்டிய ஆளு.”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் டீச்சர்.

பெற்றோர் கூட்டத்துக்குக் கண்ணாடிக்கடைக்காரர் மனைவியால் போக முடியவில்லை. கடையில் ஆள் இல்லை, நீங்களே எனக்குப் பதிலாகப் போய் நேரில் பேசிவிடுங்கள் என்றாள். சனிக்கிழமை காலை, அவருக்கு மசித்த சாப்பாட்டை ஊட்டி, வாய் துடைத்து, பல்லிடுக்கில் பருக்கை தங்கியிருக்கிறதா என்று விரலால் பார்த்துவிட்டு டீச்சர் புறப்பட்டாள். ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் அவரைத் தனியாக விட்டது கிடையாது.

ஐந்தாம் வகுப்பு அறையில் பெற்றோர் யாரும் அப்போது இல்லை. மிஸ் தலைகுனிந்து போன வருடத்து வருகைப் பட்டியலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயசு இருக்கும். கண்ணாடி, இறுக்கிக் கட்டிய கொண்டை. டீச்சர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். மிஸ்ஸின் கைக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம். இருநூறு நாளில் நூற்றெண்பத்தேழு. கீழே பதின்மூன்று.

இரண்டின் தலையில் ஒரு புள்ளி. பூஜ்யத்தின் தலையில் ஒரு புள்ளி.

டீச்சர் அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். கொண்டையை அவிழ்த்து உயரத் தூக்கிக் கட்டினால் குதிரைவால். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பட்டப்பெயரை வைத்தவரும் கணவர்தான். எட்டு வயதில் கறுப்புச் சுவருக்கு அடியில் உட்கார்ந்து, எண்களை அடித்து அடித்துத் தாளைக் கிழித்துவிட்டு, கிழிந்த தாளைப் பார்த்து அழுத பெண். “அடிக்காதே, சும்மா ஒரு புள்ளி வை,” என்று டீச்சர் முதன்முதலாகச் சொன்னது அவளிடம்தான். அதற்கு முன்னால் புள்ளி என்ற ஒன்றே கிடையாது.

“உக்காருங்க ஆன்ட்டி,” என்றாள் மிஸ். எழுந்திருக்கவில்லை. துண்டுக் காகிதத்தைப் பட்டியலுக்கு அடியில் தள்ளினாள்.

டீச்சரின் முன் அறையில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டவள்.

“நீயா?”

“நான்தான். நோட்டுல உங்க எழுத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத்தான் என் எழுத்து தெரியல.”

டீச்சர் சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். “உனக்காகத்தானே அந்தப் புள்ளியையே வெச்சேன்.”

“தெரியும். அஞ்சாவதுல அந்தப் புள்ளிக்காகத்தான் பெஞ்ச் மேல நின்னேன். ஒரு வருஷம் பூரா. அம்மா வந்து உங்ககிட்ட சொன்னாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. விடை சரியாக இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தாள். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே போனாள். கொஞ்ச நாளில் பெண்ணும் நின்றுவிட்டாள். வீடு மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். விசாரிக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிட்டது.

“போதல ஆன்ட்டி,” என்றாள் மிஸ்.

“அதுக்கு இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்?”

“நான் யாரையும் பெஞ்ச் மேல ஏத்தல. புத்தகத்துல என்ன முறை இருக்கோ அதுக்கு மார்க் போடறேன். நாப்பத்திரண்டு பிள்ளைங்க, ஆளுக்கொரு முறையில வந்தா நான் எதைத் திருத்த?”

“உன் மாடிக்கு வர்றதுங்களுக்கு மட்டும் முழு மார்க் வருதே.”

மிஸ் பேனாவை மூடினாள். “அதுங்க புள்ளி வெக்கிறதில்லையே.”

வெளியே அடுத்த பெற்றோர் வந்து நின்றார்கள். தலைமையாசிரியரிடம் போகலாம் என்று நினைத்துத்தான் டீச்சர் எழுந்தாள். போகிற வழியில் நோட்டீஸ் பலகையில் மருந்துக்கடை மாடி வகுப்பின் நேரங்கள் அழகாக அச்சடித்து ஒட்டியிருந்தன, கீழே பள்ளிக்கூட முத்திரையோடு. அவள் நிற்காமல் படியிறங்கினாள். பின்னாலேயே மிஸ் வந்துவிட்டாள். வராந்தாவில் குரலைத் தாழ்த்தி, சின்னப் பிள்ளைகளின் நோட்டுத் திருத்த மாடிக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது என்றாள். நாலு மணியிலிருந்து ஏழரை. நின்று பேச வேண்டாம், பாடம் எடுக்க வேண்டாம், உட்கார்ந்த வேலை.

“உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி ஆன்ட்டி. அது எனக்கு நல்லாத் தெரியும்.”

அவள் குத்திக் காட்டுகிறாளா, மெய்யாகவே சொல்கிறாளா என்று டீச்சருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கணவரை விட்டுவிட்டு வர முடியாது என்று மட்டும் சொன்னாள். யோசித்துச் சொல்லுங்கள் என்று மிஸ் உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் அவர், “யாருன்னு தெரிஞ்சுதா?” என்றார்.

“குதிரைவால்.”

அவர் கையிலிருந்த ஸ்பூனை டம்ளருக்குள் போட்டார். “அன்னிக்கே கேளுன்னு சொன்னேன்,” என்றார். அதற்கு மேல் அன்று ஒரு கிண்டலும் வரவில்லை. அதுதான் டீச்சருக்குப் பயமாக இருந்தது.

எட்டு ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. கடைசியாகப் போனவள் கண்ணாடிக்கடைச் சிறுமி. அவள் அம்மா மட்டும்தான் நேரில் வந்து சொன்னவள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்தாத்தான் இவளுக்கு மண்டைல ஏறுது. ஆனா மார்க் போடறது நீங்க இல்லையே.”

இதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. டீச்சர் சரியென்று சொல்லி, சிறுமியின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

டீச்சர் மிஸ்ஸின் மாடிக்கு வேலைக்குப் போவதற்காக அடுத்த ஒரு வாரம் அவர்கள் இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். பாட்டிலுக்கு மூடி போட்டு, கவிழாமலிருக்க நாற்காலிக் கைப்பிடியில் கட்டினாள். போனைக் கயிற்றில் கோர்த்து அவர் கழுத்தில் தொங்கவிட்டாள். தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி கலந்து, உறிஞ்சு குழாய் வேண்டாம் புரையேறும் என்று, வாய் அகன்ற டம்ளரில் பாதி மட்டும் வைத்தாள். முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு வீட்டு மாடிப்படியில் அரை மணி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஒரு மணி நேரம். உள்ளே ஏதாவது விழுகிற சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். அரை மணிக்கு ஒரு தடவை ஸ்பூன் சத்தம் வந்தது. யாருமில்லாத அறைக்கு அவர் மணியடித்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் இரண்டு மணி நேரம். அவர் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார், ஆனால் விழவில்லை.

“போ,” என்றார். “மூணரை மணி நேரம்தானே. வழக்கமா நான் ஏறினா மத்தவன் இறங்கி ஓடுவான். இப்ப நான் டிக்கெட் இல்லாம உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்.”

கறுப்புச் சுவரை அவள் அழிக்கவில்லை. துடைக்கவுமில்லை. கடைசியாக எழுதிய கழித்தல் கணக்கு அப்படியே இருந்தது.

மருந்துக்கடை மாடியில் அவளுக்கு ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு சிவப்புப் பேனா, ஒரு ரப்பர் கொடுத்தார்கள். முதல் நாளே கழித்தல். அவளுடைய பழைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரும் நடு வரிசையில் இருந்தார்கள். மாடிக்கு வந்ததிலிருந்து அடித்து எழுதப் பழகியிருந்தவர்கள்தான். அவளைப் பார்த்தார்கள். நோட்டுகள் மேஜைக்கு வந்தபோது பதினொன்றிலும் முதல் கணக்கின் பூஜ்யத்தின் மேல் புள்ளி இருந்தது. கண் பார்த்ததும் கை பழைய வழிக்குத் திரும்பிவிட்டது போலிருக்கிறது.

மிஸ் முன் பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினாள்.

டீச்சர் ரப்பரை எடுத்தாள். ஒவ்வொரு நோட்டாக, புள்ளியை அழித்து, குழி தெரியாமலிருக்க நகத்தின் பின்பக்கத்தால் தாளைத் தேய்த்துவிட்டு, பூஜ்யத்தை அடித்து மேலே ஒன்பது என்று பொடியாக எழுதினாள். கண்ணாடிக்கடைச் சிறுமி நோட்டை வாங்க வந்தவள், தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“டீச்சர், நீங்கதானே—”

“இங்க ஆன்ட்டி,” என்றாள் டீச்சர். “அடுத்த கணக்கைப் போடு. போ.”

ஏழே முக்காலுக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது மூத்திர வாடை வாசலுக்கே வந்தது. மூடி அவருக்குத் திறக்க வரவில்லை. ஒத்திகையில் நாலு நாளும் திறந்தது. போன் கழுத்தில் அப்படியே தொங்கியது. கூப்பிட்டிருந்தால் அவள் பாதியில் எழுந்து வந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். ஐந்து மணியிலிருந்து ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு, வெந்நீர் போட்டு, அவரைக் கட்டிலுக்கு மாற்றி, ஈரத்தை அவிழ்த்து, துடைத்து, தொடை மடிப்பு சிவந்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். சிவந்திருந்தது. களிம்பு போட்டாள்.

அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். “இன்னிக்கு எத்தனை புள்ளி வெச்ச?”

“வெக்கல,” என்றாள். “பதினொண்ணு அழிச்சேன்.”

களிம்பு டப்பாவை மூடினாள்.

“அந்தப் பக்கம் திரும்புங்க,” என்றாள். “நாளைக்கு மூடி இல்லாத பாட்டில் வைக்கிறேன்.”